சூடேறினால் நிற்கும் கார்

சென்ற கோடையில், நாக்பூரின் வெப்பம் 44 பாகையைக் கடந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், வார்தா சாலையில் சத்ரபதி சதுக்கத்துச் சிக்னலில் என் கார் ஓசையின்றி நின்றுவிட்டது. உறுமலில்லை, உதறலில்லை, புகையுமில்லை. விளக்கு பச்சைக்கு மாறிய பிறகே என்ஜின் அணைந்திருப்பதை உணர்ந்தேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முழு வலிமையுடன் சுழன்றது. என்ஜின் மட்டும் உயிர்பெறவில்லை. பக்கத்து இருக்கையில் என் தாயார், நான்கு மணி நேர டயாலிசிஸ் முடித்துச் சோர்ந்து அமர்ந்திருந்தார்.

போக்குவரத்துக் காவலர் ஒருவரும் கல்லூரி மாணவர் இருவரும் சேர்ந்து காரைத் தள்ளி ஓரங்கட்டினர். அச்சாலையில் தலைக்கு மேல் மேம்பாலம், அதற்கும் மேல் மெட்ரோ பாதை என இரண்டடுக்குக் கட்டுமானம் செல்கிறது. அதன் நிழல்தான் அன்று எங்களைக் காத்தது. 35 நிமிடங்கள் கழித்து, கடைசியாக ஒருமுறை முயன்று பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடவாததுபோல் கார் கிளம்பியது.

இவ்விதழில் நாங்கள் வழக்கமாக வைப்புத்தொகை, வீட்டுக்கடன், காப்பீடு ஆகியவற்றைப் பற்றியே எழுதுகிறோம். பழைய கார் ஒன்றின் பழுதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அடுத்த ஐந்து வாரங்களில் அந்தக் காருக்காக நான் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி, பழுதாகாத பொருள்களை மாற்றுவதற்கே செலவாயிற்று. கடன் விண்ணப்பங்களில் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஒருவன், தன் சொந்த விஷயத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கார் 2011 ஆம் ஆண்டு புனேயில் பணியாற்றியபோது வாங்கியது. பெட்ரோல் வண்டி. முதல் முறை நின்ற மறுநாளே பேட்டரிக் கடைக்குச் சென்றேன். பேட்டரிக்கு மூன்று வயது ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். 5,400 ரூபாய். ஸ்டார்ட்டர் வலுவாகச் சுழலும்போது பேட்டரியில் என்ன குறை இருக்க முடியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அதே வேளையில் மீண்டும் நின்றது. இம்முறை சிக்னலில் அன்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. உருண்டு உருண்டு ஓரத்தில் போய் நின்றது. அம்மா அப்போது ஒன்று சொன்னார்: "வண்டி ஓடிக்கிட்டுத்தான்டா இருந்துச்சு. அந்த இடது பக்கத்து முள்ளு பொத்துன்னு கீழே விழுந்துடுச்சு." நான் இருந்த பதற்றத்தில், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்றேன். அதைப் பிறகு நினைத்து வெட்கப்பட்டேன்.

இழுவை வண்டிக்கு 1,800 ரூபாய் கொடுத்து ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த மெக்கானிக், உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின்னிருக்கையின் அடியில் காதை வைத்துக் கேட்டார். பெட்ரோல் டேங்க்கினுள் இருக்கும் பம்ப்பிலிருந்து ஓசை எதுவும் வரவில்லை. பம்ப் போய்விட்டது என்று தீர்ப்பளித்தார். கோடையில் பம்ப் மக்கர் செய்வதும் உண்டுதான். புதிய பம்ப்பும் கூலியுமாக 7,300 ரூபாய்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள்கள் கார் நன்றாக ஓடியது. நான் நிம்மதியடைந்தேன். உண்மையில் அந்நாள்களில் இரண்டு முறை கோடைமழை பெய்து ஊர் குளிர்ந்திருந்தது, பழுது நீங்கியிருக்கவில்லை. மூன்றாம் முறை நின்றது மருத்துவமனைக்குப் போகும் வழியில். ஆட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் கடந்துவிட்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு கருவி ஒழியும் என்றார்கள். அதுவரை அம்மா காத்திருப்புக் கூடத்தின் நாற்காலியிலேயே இருந்தார். சிறுநீரகம் இயங்காதவருக்கு ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போவது என்றால் என்னவென்று, குடும்பத்தில் அந்நோயைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்துச் சென்றது ஒரு பெரிய பட்டறை. குளிரூட்டப்பட்ட வரவேற்பறை, கணினி, சீருடை எல்லாம் இருந்தன. ஸ்கேனர் பொருத்திப் பார்த்துவிட்டுப் பழுதுக்குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். ஆகவே என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈசியூவே கெட்டிருக்கக்கூடும், மாற்றினால் 42,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு கொடுத்தார்கள். விற்றால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் தேறக்கூடிய கார் அது. கிளையில் நண்பர்கள், விற்றுத் தள்ளுங்கள் என்றனர். நானும் கணக்குப் போட்டேன். ஆறு லட்சம் ரூபாய்க் கடன், 9 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று கொண்டால் மாதம் சுமார் 9,650 ரூபாய். மருத்துவச் செலவோடு இதையும் சேர்த்தால் மாதக் கடைசி எப்படியிருக்கும் என்பதை என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் கையெழுத்தில் அதைப் பார்ப்பது வேறாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் மானேவாடா பகுதியில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் பணம் செலுத்தக் கிளைக்கு வந்தார். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில், அதாவது 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரையிலான பிரிவில், எங்களிடம் கடன் பெற்றவர். அவ்விண்ணப்பத்தில் ஸ்கேனர் வாங்குவதற்கான விலைப்புள்ளியைப் பார்த்துவிட்டு, ஒரு சிறு பட்டறைக்கு இது எதற்கு என்று குறிப்பெழுதியவன் நானே. அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை, இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. ஐம்பதைக் கடந்தவர். மராட்டியத்தில் அண்ணனைக் குறிக்கும் 'பாவு' என்ற சொல்லால்தான் நாங்கள் எல்லோரும் அவரை அழைப்போம்.

அவர் காரைப் பார்க்கும் முன் கேள்விகளைத்தான் கேட்டார். நிற்கும்போது உதறுகிறதா, அமைதியாக நிற்கிறதா? ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்தில்? மீண்டும் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது? காலையில் எப்போதாவது நின்றதுண்டா? கடைசியாக, "ஓடும்போது நின்றதே, அப்போது ஆர்பிஎம் முள் மெல்ல இறங்கியதா, சட்டென்று விழுந்ததா?" என்றார்.

என்ஜினின் சுழற்சியைக் காட்டும் அந்த முள்ளை நான் கவனித்திருக்கவில்லை. ஆனால் கவனித்தவர் ஒருவர் இருந்தார். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா அதே சொல்லைச் சொன்னார்: பொத்தென்று விழுந்தது; வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை இந்தியில் பெயர்த்துச் சொன்னதும் பாவு தலையசைத்தார். "வண்டி கியரில் உருளும்போது சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். பெட்ரோல் நின்றிருந்தால் முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். என்ஜின் சுற்றும்போதே முள் பூஜ்யத்துக்குப் போனால், சுற்றுவதைச் சொல்ல வேண்டிய ஆள் வாயை மூடிக்கொண்டான் என்று பொருள். நாளை மதியம் ஒரு மணிக்கு, ஏசி போட்டு முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள், சாகேப். குளிர்ந்த வண்டியைக் கொண்டுவராதீர்கள். நோயோடு கொண்டுவாருங்கள்."

அவர் குறிப்பிட்ட ஆள், கிராங்க் ஷாஃப்ட் நிலையை அறியும் சென்சார். கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உணரி. என்ஜினின் முதன்மைத் தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு பல்சக்கரத்துக்கு அருகில், ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். பல கார்களில் அச்சக்கரத்தில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். அவற்றில் 2 பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உணரியினுள் ஒரு காந்தமும், தலைமுடியைப் போன்ற மெல்லிய கம்பிச்சுருளும் உண்டு. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் கம்பிச்சுருளில் ஒரு மின்துடிப்பு எழும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று, 58 பற்கள், ஆக, நொடிக்கு 2,900 துடிப்புகள். பல் இல்லாத இடைவெளி வரும்போது துடிப்பு தவறும். அதைக் கொண்டு தண்டு எந்நிலையில் இருக்கிறது என்பதை ஈசியூ அறிந்து, எந்தக் கணத்தில் எரிபொருளைத் தெளிப்பது, எப்போது தீப்பொறியை எழுப்புவது என்று முடிவுசெய்கிறது.

துடிப்பு வராவிட்டால், என்ஜின் சுழலவில்லை என்றே ஈசியூ கருதும். விபத்தில் நின்றுபோன காரில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருந்தால் தீப்பிடிக்கும் அல்லவா? ஆகவே என்ஜின் சுழலவில்லை என்று தெரிந்ததும் பம்ப்பை அணைத்துவிடுவது அதன் கடமை. இதைக் கேட்டபோதுதான் எனக்கு 7,300 ரூபாயின் கதை விளங்கியது. அன்று பம்ப் ஓசையெழுப்பாததற்குக் காரணம் பம்ப்பின் கோளாறு அன்று. ஓடாதே என்று அதற்குக் கட்டளை இடப்பட்டிருந்தது. சாவியை ஸ்டார்ட்டர் வரை திருப்பாமல், ஒரு நிலை மட்டும் திருப்பி நிறுத்தியிருந்தால், அழுத்தம் ஏற்றுவதற்காக இரண்டு நொடி பம்ப் முனகியிருக்கும். அந்த இரண்டு நொடி முனகலைக் கேட்டிருந்தால் பம்ப் நலமாக இருப்பது தெரிந்திருக்கும். கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் காசோலைப் புத்தகத்தை மாற்றித் தருவோமா? நான் அதைத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் பட்டறை முற்றத்தில் பானெட்டை மூடிவைத்து, ஏசியை ஓடவிட்டு, காரை நிறுத்தாமல் வைத்திருந்தார். இருபது நிமிடத்தில் அது வழக்கம்போல் ஓசையின்றி அணைந்தது. என் வாழ்நாளில் கார் நின்றதற்காக மகிழ்ந்தது அன்று மட்டுமே. ஸ்கேனரை இணைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். என்ஜின் சுழலும் ஓசை கேட்கிறது. திரையில் ஆர்பிஎம் பூஜ்யம். நல்ல நிலையிலுள்ள காரில் அப்போது ஏறத்தாழ இருநூறு காட்டும். இம்முறை குறியீடும் பதிவாகியிருந்தது: பி0335. கிராங்க் ஷாஃப்ட் உணரியின் மின்சுற்றில் கோளாறு என்பதற்கான பொதுக் குறியீடு அது. பெரிய பட்டறையில் அது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். பதில் என்னிடமே இருந்தது. மூன்றாம் முறை நின்றபோது, யாரோ சொன்னதைக் கேட்டு நானே பேட்டரியின் முனையைக் கழற்றி மாட்டியிருந்தேன். பல கார்களில் அப்படிச் செய்தால் பதிவான குறியீடுகள் அழிந்துவிடும்.

குறியீடு கிடைத்தும் அவர் உடனே உணரியைக் குற்றவாளியாக்கவில்லை. "கோளாறு சுற்றில் என்றுதான் அது சொல்கிறது. உணரியா, கம்பியா, இணைப்பானா என்று சொல்லவில்லை" என்றார். இணைப்பானைக் கழற்றி, சூட்டோடு சூடாக மல்டிமீட்டரால் உணரியின் மின்தடையை அளந்தார். எண்ணே வரவில்லை, உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியை உணரியின் மேல் சுற்றினார். சில நிமிடங்களில் மீட்டர் 870 ஓம் காட்டியது. இணைத்தார், கார் கிளம்பியது. சூட்டில் விரியும்போது மயிரிழைக் கம்பியின் முறிவு விலகுகிறது. ஆறியதும் நுனிகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. நான் 35 நிமிடம் காத்திருந்ததை ஓர் ஈரத்துணி மூன்று நிமிடத்தில் செய்துவிட்டது. ஆயினும் அவர் இன்னொரு முறை சூடாக்கி, இன்னொரு முறை குளிர்வித்துப் பார்த்தார். உணரியிலிருந்து ஈசியூ வரை செல்லும் கம்பிகளையும் அசைத்து அசைத்துச் சோதித்தார். அதன் பிறகே, "இப்போது வாங்கி வாருங்கள்" என்றார்.

ஒரு குறிப்பு: இந்த மின்தடைச் சோதனை இரண்டு கம்பி கொண்ட காந்தச்சுருள் வகைக்கே பொருந்தும். ஹால் வகை எனப்படும் மூன்று கம்பி உணரிகளை இப்படி அளக்கக்கூடாது. அவற்றுக்கு மின்னழுத்தம் வருகிறதா, துடிப்பு வெளிவருகிறதா என்றே பார்க்க வேண்டும்.

உரிமம் பெற்ற உதிரிபாகக் கடையில் உணரியின் விலை 1,650 ரூபாய். அதே தெருவில் 400 ரூபாய்க்கும் ஒன்று கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மலிவானதில் பில் கிடையாது, உத்தரவாதம் கிடையாது. நான் 1,650 ரூபாய்க்குப் பில்லோடு வாங்கினேன். மாற்றும் வேலை எளிதென்று நினைத்திருந்தேன், ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்தான். ஆனால் பதினான்கு ஆண்டுச் சூட்டில் ரப்பர் வளையம் இறுகி, உணரி தன் குழியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்துப் பிடுங்கினால் நுனி உடைந்து உள்ளேயே தங்கிவிடும். பிறகு கியர்பாக்ஸையே இறக்க நேரலாம். துருநீக்கும் எண்ணெய் விட்டு, இடமும் வலமுமாக இம்மி இம்மியாகத் திருப்பி, அரைமணி நேரத்துக்கு மேல் பொறுமையாக எடுத்தார். குழியைத் துடைத்து, புதிய ரப்பர் வளையத்தில் ஒரு துளி என்ஜின் ஆயில் தடவி, கையால் அழுத்திப் பொருத்தி, போல்ட்டை அளவோடு இறுக்கினார். புகைக்குழாயை உரசிக்கொண்டிருந்த கம்பியைத் தள்ளிக் கட்டினார். கூலி 500 ரூபாய் என்றார். வாடிக்கையாளர் என்பதால் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தார். வங்கி அலுவலர் அப்படி வாங்கிக்கொள்ளக்கூடாது என்று சொல்லி, பில் எழுதச் செய்து, யூபிஐ வழியே செலுத்தினேன்.

ஆக, பழுதாகாதவற்றுக்கு இழுவைக் கூலி உட்பட 14,500 ரூபாய்; பழுதானதற்கு 2,150 ரூபாய்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் வேறு உணரிகளிடமும் இதே அனுபவத்தைப் பெறலாம். என்ஜினில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது என்று குறியீடு வந்தால், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரியை மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். கெட்ட செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிக்கும் வேலை இது. குளிர்நீரின் வெப்பத்தை அறியும் உணரி கெட்டால், என்ஜின் எப்போதும் குளிர்ந்திருப்பதாக எண்ணி ஈசியூ கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கக்கூடும். மைலேஜ் குறையும், மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றிதழும் கிடைக்காமல் போகலாம். வண்டியில் குறைகண்டறியும் ஓபிடி அமைப்பு நம் நாட்டில் பிஎஸ்-4 விதிகளோடு, 2010 க்குப் பிறகே படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில், கடைகளில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர்கள் பேசாமலே போகலாம், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக்காரனாகச் சேர்க்க வேண்டிய இரண்டு செய்திகள். வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கே ஈடு தரும். தேய்மானத்தாலும், இயந்திர, மின் கோளாறுகளாலும் ஏற்படும் செலவைத் தராது. வழியில் நின்றால் உதவி வரும் கூடுதல் சேவையைச் சிறு தொகை கட்டிச் சேர்த்துக்கொண்டால் இழுவைக் கூலியாவது மிஞ்சும். அடுத்து, தனியார் கார்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள். அடித்தளம் துருப்பிடித்த வண்டியை நான் ஒருநாளும் வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் உடலும் என்ஜினும் நலமாக இருக்கும் வண்டியை, காரணம் தெரியாத ஒரு பழுதுக்காக விற்பதாக இருந்தால், காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு விற்கலாம். புதிய காருக்காக நான் பாதி நிரப்பி வைத்திருந்த கடன் விண்ணப்பம் இப்போதும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

உணரியை மாற்றிய பிறகு வந்த ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணிக்குப் புட்டிபோரி வரை ஓட்டிச் சென்று, அங்கே இருபது நிமிடம் என்ஜினை அணைக்காமல் நிறுத்திவைத்துத் திரும்பினேன். நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவை அழைத்துச் சென்றேன். சத்ரபதி சதுக்கத்தில் சிவப்பு விளக்கு. வெளியே அனல். நான் முன்னால் நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா, மூக்குக்கண்ணாடியைச் சற்று உயர்த்தி, இடது பக்கத்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.